வலது ஓரத்து நாற்காலி

என் நாற்காலியைத் தூக்கி ஹாலின் இடது ஓரத்தில் போட்டுவிட்டு, "இப்ப பாரு, எவ்வளவு இடம் கிடைச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு கையையும் தட்டித் தூசியை உதறிக்கொண்டார். என்னமோ வீட்டில் கிடந்த குப்பையை ஒழித்துக் கட்டின திருப்தி முகத்தில்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றேன். பதினாலு வருஷமாக அந்த நாற்காலி கிடந்த மூலையில் கறுப்பாக ஒரு கம்பம் நின்றது, கம்பத்தின் தலையில் ஒரு பெட்டி. சோபாவைச் சுவரை விட்டு இழுத்து ஹாலின் நடுவில் போட்டிருந்தார். டிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி, அடியில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கம்பத்தில் இரண்டு. இவை போதாதென்று தரையில் குத்துக்கல் மாதிரி ஒரு குண்டுப் பெட்டி, அது அடித்தொண்டையில் உறுமுவதற்காம்.

என் வலது காது செவிடு. மந்தம் இல்லை, இரைச்சல் இல்லை, சுத்தமாகச் செவிடு. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வற்றிப் போகும்போது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு காதுதான் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நிறைய. இருக்கிறது, சத்தம் கேட்கும். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நடுத்தெருவில் யாராவது கூப்பிட்டால் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நாலு பக்கமும் திரும்புவேன். உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் எனக்கு இடது பக்கத்திலிருந்துதான் வரும்.

அதனால்தான் அந்த மூலை. முதுகுக்கும் சுவர், வலது பக்கத்துக்கும் சுவர். பேசுகிற மனிதர்கள் எல்லாரும் எனக்கு இடது பக்கம்தான் இருந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே நான் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. அங்கே உட்கார்ந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் முனகுவது முதல் அடுப்படியில் பால் பொங்குவது வரை ஒன்றும் தப்பாது. என் மாமியார் வந்து உபதேசம் ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய் சோபாவில் அவருக்கு இடது பக்கமாக, என் செவிட்டுக் காது அவரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அது என் சொந்த வசதி.

"அங்க உக்காந்தா எனக்கு ஒண்ணும் கேக்காதுங்க" என்றேன்.

"இனிமேதான் எல்லாம் நல்லா கேக்கப்போகுது" என்று சிரித்தார். "அஞ்சு பக்கமும் சத்தம். தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கும்."

என் வீட்டுக்காரர் சர்வேயர். ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து அளந்து கை பழகிப் போனவர். இந்தப் பெட்டிகளுக்காக ஒரு வாரம் ராப்பகலாகக் கட்டம் போட்ட காகிதத்தில் படம் போட்டிருந்தார். எந்தப் பெட்டி எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, எத்தனை பாகை திரும்ப வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. சோபா இருந்தது, ஜன்னல் இருந்தது, சுவரில் மாட்டின கடிகாரம்கூட இருந்தது. என் நாற்காலி இல்லை. சோபாவின் நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டு 'தலை' என்று எழுதியிருந்தார். அந்தத் தலைக்குக் காது வரையவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசையில். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் 'ழாழை எழ்ழழை ழழிழ்கு' என்றால்கூட நாளை எத்தனை மணி என்று எனக்குப் புரிந்துவிடும். சேர்ந்த முதல் நாள் டாக்டரம்மாவிடம் காது விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் போனால் மேசையே இடம் மாறியிருந்தது. ஆள் வருகிற வழி இடது பக்கம், சுவர் வலது பக்கம். அந்தம்மா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் எனக்கு இருக்கிற மரியாதை, சமைத்துப் போடுகிற இடத்தில் இல்லை.

"வா, இங்க நடுவுல உக்காரு. தலையை ஆட்டாதே" என்றார்.

மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். வேறு ஆள் இல்லாததால் நான்தான் தலை. சோபாவில் போய் உட்கார்ந்தேன். அவர் டிவி அலமாரிக்குப் பின்னால் பல்லி மாதிரி நுழைந்துகொண்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஷ்ஷ் என்று ஒரு சத்தம் வந்தது. ஒவ்வொரு பெட்டியாக அந்தச் சத்தம் சுற்றி வருமாம். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பின்னாலிருந்து தலையை நீட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'அட, உங்கிட்டப் போய்க் கேக்கறேன் பாரு' என்பார் என்று காத்திருந்தேன். கால் அசையவில்லை.

"எங்க இருந்து வருது?"

"இடது."

"கரெக்ட். இப்ப?"

"இடது."

"இது நடுவுல இருந்து வரணுமே. நல்லா கேட்டுச் சொல்லு. இப்ப?"

"இடதுதான். கொஞ்சம் கம்மியா."

"கம்மியாவா? அப்ப எங்கயோ லூஸ் கனெக்ஷன்" என்றார் அலமாரிக்குள்ளிருந்து. பிடுங்குகிற சத்தமும் திருகுகிற சத்தமும் கேட்டன.

அங்கேதான் என் சிரிப்பு அடங்கியது. சரி, இந்த மனுஷனுக்கு எப்போதுதான் ஞாபகம் வருகிறது பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. ஒரு பொய் சொல்லக் கூடாது, ஒரு வார்த்தை கூடவும் சொல்லக் கூடாது. கேட்டதற்கு என் காதுக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொல்வது. இப்போது எங்கே என்றால் இடது. இப்போது என்றால் இடது. வலது பக்கத்துக் கம்பியைப் பிடுங்கி இடது பக்கம் மாட்டினார், இடது. பின்னால் இருந்ததை முன்னால் மாட்டினார், இடது. கம்பிகள் வழியில் பின்னிக்கொண்டிருக்கும் என்று, சுவரோரம் அவற்றை மறைத்து ஒட்டின பிளாஸ்டிக் பட்டையை நீளத்துக்கும் உரித்தார். அப்போதும் இடது. ஒவ்வொரு தடவையும் நான் அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். பத்தரை மணிக்குள் பதினேழு வாய்ப்பு கொடுத்தேன், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இதே மனுஷன்தான், கல்யாணப் பேச்சு எடுத்த புதிதில் என்னோடு ஒரு கடையில் உட்கார்ந்து பேசியவர். அப்புறம் சொல்லவில்லையே என்று பேச்சு வரக் கூடாதென்று, வாயைத் திறந்ததுமே காது விஷயத்தைத்தான் சொன்னேன். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் கேட்கவில்லை. தன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க" என்றார். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் நான் தலையாட்டினேன். இரண்டு மூன்று வருஷம் தெருவில் நடக்கும்போதுகூட என் இடது பக்கமாகவே மாறி மாறி வருவார். பிறகு எப்போது விட்டது என்று தெரியவில்லை. அவர் வரைக்கும் என் காது தானாகவே குணமாகிவிட்டது போலிருக்கிறது.

பதினோரு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து கேட்டார். என் பேச்சைக் கேட்டு மாற்றி மாற்றி மாட்டினதில், இப்போது நிஜமாகவே எல்லாம் தாறுமாறாகக் கிடந்தது. முன்னால் வர வேண்டியது முதுகுப் பக்கம் வந்தது, நடுவில் வர வேண்டியது வரவே இல்லை.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்கே. மெஷினே கோளாறு" என்றார்.

பதினாலு வருஷத்தில் என் பேச்சை அவர் இவ்வளவு நம்பியது அன்றைக்குத்தான். கடைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். "என் வொய்ஃப் மூணு மணி நேரமா உக்காந்து கேட்டுட்டிருக்காங்க. எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஒரே பக்கம்தான் வருது. என்ன பொருள் விக்கிறீங்க நீங்க?"

அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு டெக்னீஷியன் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார், கையில் ஒரு சின்ன பை. மகளும் ஈரத் தலையோடு அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். பதினோரு வயதுப் பெண். வந்ததும் வழக்கம்போல என்னைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, "என்னம்மா, வீடு இப்படிக் கிடக்கு?" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்க ஆரம்பித்தபோதே தத்தித் தத்தி அந்தப் பக்கம்தான் வருவாள்.

"மேடம்தான் கேட்டாங்களா? எங்க, ஒரு தடவை உக்காருங்க" என்றார் டெக்னீஷியன். மறுபடியும் நான் தலையானேன். அவர் ஒரு பெட்டியைப் போட்டார். இடது என்றேன். அடுத்ததையும் இடது என்றேன். அவர் கம்பியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து எங்கேயோ போனார். மகள் அப்புறம் சொன்னாள், என் வலது பக்கம் வந்து நின்று, 'மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா' என்று கேட்டாராம். நான் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். சோபாவைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"மேடம், வலது காது கேக்காதுங்களா?"

"கேக்காது" என்றேன். "ஒன்பது வயசிலேர்ந்து."

ஆள் உள்ளே வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். செருப்பைக் கழற்றின கால் இன்னும் ஆறியிருக்காது.

நான் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். முகம் ஒரு நொடி வெளிறியது. அந்த நொடியில் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அத்தோடு போயிருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வெளி ஆள் முன்னால் மானம் போகிறதே. சமாளிப்பாக ஒரு சிரிப்பு சிரித்தார்.

"லேசா ஒரு குறை உண்டு. சின்ன வயசுல வந்தது. பெருசா ஒண்ணும் இல்ல."

லேசாம்.

டெக்னீஷியன் என் மகளை உட்கார வைத்து இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரியாக மாட்டினார். தலை இருக்கிற உயரத்துக்கு ஒரு சின்ன மைக்கை நிறுத்தி, யாரும் பேசாதீர்கள் என்று சொல்லி, மெஷினே அளந்துகொள்ளட்டும் என்று விட்டார். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கூவி ஓய்ந்தன. மகள் கண்ணை மூடிக்கொண்டு சரியாக விரலை நீட்டிக்கொண்டே வந்தாள். முன்னால், நடுவில், வலதில், பின்னால்.

"காலைலேர்ந்து உயிரை விட்டேன். இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். கையில் டெக்னீஷியனுக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீர். அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன், இல்லாவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

"சொன்னேன். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன். காலைல எட்டரைக்கும் சொன்னேன். இனிமே எத்தனை நாளைக்கு ஒரு தடவை சொல்லணும்னு சொல்லுங்க, மாத்திரை மாதிரி வேளா வேளைக்குச் சொல்லிடறேன்."

"சரி சரி, விடு. ஆள் இருக்காங்க" என்று பல்லைக் கடித்தார்.

விட்டேன். போய் அவர் போட்டுக் கொடுத்த இடத்திலேயே உட்கார்ந்தேன், இடது ஓரத்தில். கேட்கிற காதுக்குப் பக்கத்தில் ஒரு கம்பமும் ஒரு பெட்டியும் ஜன்னலும். கேட்காத காதுப் பக்கம் மொத்தக் குடும்பமும். ஏதோ ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மழை கொட்டுகிறது, பஸ் ஓடுகிறது, பெட்டி காதுக்குள்ளேயே இரைகிறது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் வாயை அசைக்கிறார்கள். மகள் ஏதோ சொன்னாள், என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். என்னைப் பற்றியா, படத்தைப் பற்றியா, தெரியாது. இனி ஒவ்வொரு சாயங்காலமும் இந்த வீட்டில் எனக்கு இதுதான். என்ன சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள் என்று பிச்சை கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்து வைக்க வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு மறக்கவில்லை.

கம்பத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் மகள் உடம்பை நெளித்து நுழைந்தாள். என் காதில் வாயை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, அப்பாகூடப் பேச மாட்டியா?"

"அவர் எங்கடி பேசினார்?"

"இப்பதாம்மா. உன் பக்கத்துல வந்து நின்னு சாரின்னு சொன்னார். ரெண்டு தடவை. நீ திரும்பவே இல்ல. கோவமா இருக்கான்னு சொல்லிட்டு விட்டுட்டார்."

திரும்பிப் பார்த்தேன். என் வலது தோளுக்கு ஓரடி தள்ளித்தான் நின்றார். ஒரு கடமையை முடித்த மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார். செவிட்டுக் காதில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாங்கிக்கொள்ளாத பாவம் என் தலையில்.

"கேக்கற பக்கமா வந்து சொல்லச் சொல்லு" என்றேன் மகளிடம். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் பார்த்தார். இந்தப் பக்கம் வர வேண்டுமானால் கம்பத்தை நகர்த்த வேண்டும். கம்பத்தைப் பார்த்தார். தரையில் அதன் காலடியில் அவர் ஒட்டின நீல டேப்பைப் பார்த்தார்.

"இப்பதான் அளந்து முடிச்சிருக்கு. அசைச்சா அளவு மாறிடும்" என்றார். இதை எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னார்.

எழுந்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வலது ஓரத்துக்குப் போய், என் மூலையில் நின்ற கம்பத்தைக் கழுத்தோடு பிடித்தேன்.

"ஏய், மெதுவா. ஒயர் அறுந்துடும்" என்று பாய்ந்து வந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், மெயினை அணைச்சுடறேன்" என்றார் டெக்னீஷியன். அணைத்தார். அவரே குனிந்து கம்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மழை, பஸ் எல்லாம் நின்று, வீடு சட்டென்று அமைதியானது. கம்பத்தையும் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கம் செருப்புகளுக்கு நடுவில் நிறுத்தினேன். திரும்ப வந்து என் நாற்காலியைத் தூக்கினேன். உதவிக்கு வந்த மகளைத் தடுத்துவிட்டேன். ஹாலைக் குறுக்கே கடந்து, மூலையில் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"இப்ப சொல்லுங்க."

மூன்று பேரும் எனக்கு இடது பக்கம் நின்றார்கள். அவர் டெக்னீஷியனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் தோள் தொங்கிப் போனது.

"தப்புதான்" என்றார். குரல் இறங்கி, "வேணும்னு இல்ல. நீ இங்க உக்காந்துகிட்டு எங்க எல்லாரையும் விட நல்லா கேப்பே. நாங்க என்ன முணுமுணுத்தாலும் பதில் சொல்லுவே. அப்படியே எனக்கு மறந்தே போச்சு."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பதினாலு வருஷமாக யாருக்கும் தொந்தரவு இல்லாமல், ஒருவரையும் திரும்பச் சொல்ல வைக்காமல், நான் அத்தனை சாமர்த்தியமாக இருந்திருக்கிறேன். அவர் மறப்பதற்கு வேண்டிய வசதி எல்லாம் நானே செய்து கொடுத்திருக்கிறேன். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

"சரி" என்றேன். கோபம் இம்மியும் குறையவில்லை. இப்போது அதில் பாதி என் மேலேயே.